ஆற்றங்கரை ஊருக்கு வீட்டுக் காப்பீடு: பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி எடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடுக்கலாம். தாமிரபரணி ஓரத்திலோ குளத்துக்குக் கீழேயோ கால்வாயை ஒட்டியோ காங்கிரீட் வீடு, ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு வருஷம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் இதைவிட உருப்படியான பாலிசி எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் எடுக்கும் அன்றைக்குப் படிவத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அதை ஏஜெண்டும் சொல்வதில்லை, பேங்கிலும் சொல்வதில்லை.

நான் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரை ஏரல் பக்கம். வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை, 1992 நவம்பரில் வந்ததைப் பெரியவர்கள் இன்னும் நேற்று நடந்தது மாதிரி சொல்வார்கள், எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்பது உட்பட. அதற்குப் பிறகு வீடு கட்டியவர்கள் எல்லாம் அந்தப் படியைக் கணக்கில் வைத்துத்தான் அஸ்திவாரத்தை ஏற்றினார்கள். '92 தண்ணிக்கு மேல ரெண்டடி போட்டாச்சு, இனி கவலையில்ல' என்று சொல்லாத ஆள் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தக் கணக்கு போன இடம் தெரியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 70 சென்டிமீட்டருக்குள்தான். மேலே அணைகளில் திறந்த தண்ணீர், வழியில் ஓடைகளில் சேர்ந்தது, குளங்கள் உடைந்து வந்தது எல்லாம் ஒன்றாகி ஆற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுபோனதை நாடே டிவியில் பார்த்தது. 1873-ல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் இந்த ஆற்றின் பழைய அணைக்கட்டுகளில் கடைசி. அதைத் தாண்டி வரும் தண்ணீருக்கு அடுத்து நாங்கள், அப்புறம் கடல்.

அரசு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. குறை சொல்லவில்லை, அடுப்பு எரியாத வாரத்தில் அது பெரிய காசு. ஆனால் நாலடித் தண்ணீர் நின்ற வீட்டில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டுத் துணி, போர் மோட்டார், சுவருக்குள் ஓடும் வயரிங் என்று எழுதிக்கொண்டே போனால் 6,000 எந்த வரியில் தீர்ந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். நிவாரணம் என்பது நிவாரணம்தான், நஷ்டத்தை ஈடுகட்டுவது அதன் வேலையே இல்லை. இது புரிந்த பிறகும் எங்கள் தெருவில் பாலிசி எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, பாலிசிக்கு வருகிறேன். பாரத் கிருஹ ரக்ஷா என்பது ஒரு கம்பெனியின் பெயரில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த பொதுப் பாலிசி. வீட்டுக்குத் தீக்காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாமே இதை விற்றாக வேண்டும், அடிப்படை ஷரத்துகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், தண்ணீர் தேங்குவது, நிலநடுக்கம், சுனாமி, நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதற்குள் வரும். மேற்படி ஏதாவது நடந்து வீடு திறந்து கிடக்கும்போது 7 நாளுக்குள் திருட்டு போனால் அதுவும் வரும். 2023-ல் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். ஆக கம்பெனிக்குக் கம்பெனி நாம் பார்க்க வேண்டியது விலை, கிளைம் என்று போனால் எப்படி நடந்துகொள்கிறார்கள், இந்த இரண்டும்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. பழைய தீக்காப்பீட்டுப் பாலிசிகளில் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் நஷ்டத்தையும் அதே விகிதத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். 28 லட்சம் பெறுமான வீட்டுக்கு 14 லட்சத்துக்குத்தான் பாலிசி என்றால், இரண்டு லட்சம் நஷ்டத்துக்கு ஒரு லட்சம்தான் கைக்கு வரும். புதிய பாலிசியில் வீட்டுக்கு இந்த வெட்டு கிடையாது, காப்பீட்டுத் தொகைக்குள் இருக்கிற நஷ்டம் முழுதாக வரும். இது காகிதத்தில் மட்டும் இருக்கிற சலுகை இல்லை என்று எங்கள் அத்தான் வீட்டுக் கிளைமில் பார்த்தேன். அவருடையது ஹோம் லோன் போட்டபோது பேங்கிலேயே சேர்த்துப் போட்டுவிட்ட பாலிசி, வீட்டின் மதிப்புக்கு இல்லாமல் லோன் தொகைக்குப் போட்டது. தண்ணீர் வடிந்து அவர் அந்தத் தாளைத் தேடி எடுத்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியும்.

நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்த அன்றைக்கு நானும் கூட இருந்தேன். மனுஷன் உள்ளே வந்ததும் சாமான்கள் பக்கமே போகவில்லை, டேப்பை எடுத்துச் சுவரில் வண்டல் படிந்த கோட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை ஒவ்வொரு அறையிலும் அளந்து, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்தார். அப்புறம் கதவுகள். தேக்கு நிலை தப்பித்துவிட்டது, பிளைவுட் கதவுகள் எல்லாம் ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றன. ஸ்விட்ச் போர்டு ஒன்றைக் கழற்றச் சொன்னார், உள்ளே வண்டல் களி மாதிரி கிடந்தது. வயரிங், கதவு, பூச்சு, பெயர்ந்த டைல்ஸ், இடிந்த காம்பவுண்டுச் சுவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காம்பவுண்டுச் சுவர், தண்ணீர்த்தொட்டி, செப்டிக் டேங்க், மாடியில் இருக்கிற சோலார் பேனல் எல்லாமே இந்தப் பாலிசியில் கட்டடம் என்ற கணக்கில் வரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா ஃபிரிட்ஜைக் காட்டினாள். அதற்குத்தான் "இது கட்டடத்துக்கு மட்டும் எடுத்த பாலிசிம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கட்டடத்துக்கு வர வேண்டிய பணம் பெரிதாக வெட்டுக் குத்து இல்லாமல் வந்தது, லோன் இருப்பதால் பேங்க் வழியாக வந்தது. சாமான்களுக்கு ஒரு பைசா இல்லை.

இதுதான் நான் சொன்ன படிவச் சங்கதி. கட்டடம் மட்டும், சாமான்கள் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாக எடுக்கலாம். இரண்டும் சேர்த்து எடுத்தால், தனியாக எதையும் பட்டியல் போடாமலேயே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். பிரீமியத்தில் வித்தியாசம் சில நூறுதான் வரும். பேங்குக்கு அதன் கடன் பத்திரமாக இருந்தால் போதும், உங்கள் கிரைண்டரைப் பற்றி அதற்கு என்ன கவலை? லோன் இருப்பவர்கள் இன்றைக்கே அந்தத் தாளை எடுத்து எது எதற்குக் காப்பீடு இருக்கிறது, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். லோன் முடிகிறபோது பாலிசியும் முடிந்திருக்கலாம், அதைப் புதுப்பிக்கச் சொல்லி யாரும் போன் பண்ணப் போவதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அது பலருக்குத் தெரியாது.

தொகையை எப்படிப் போடுவது என்பதிலும் குழப்பம். நிலத்தின் விலையை இதில் சேர்க்கக் கூடாது, வெள்ளம் நிலத்தைக் கொண்டுபோவதில்லை. வீட்டின் உள்ளளவுப் பரப்பை, இன்றைக்கு அதே வீட்டைக் கட்டினால் சதுர அடிக்கு என்ன செலவாகுமோ அதோடு பெருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய செலவைப் போடாதீர்கள், கொத்தனார் கூலியும் மணல் விலையும் எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்தானே. அந்தத் தொகை கூடுதல் பிரீமியம் இல்லாமல் வருஷத்துக்கு 10 சதவீதம் தானாக ஏறும், ஒரே தடவையில் 10 வருஷம் வரைக்கும் எடுக்கலாம். வீடு இருக்க முடியாதபடி ஆகிவிட்டால் வேறு இடத்தில் வாடகைக்கு இருக்கிற செலவும், இடிபாட்டை அள்ளுகிற செலவுக்கு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும் கிடைக்கும். நகைக்குக் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாக எடுக்க வேண்டும். ரொக்கப் பணத்துக்கு எதுவும் கிடையாது, பீரோவில் பணம் வைக்கிற பெரியம்மாக்கள் கவனிக்கவும்.

நான் எங்கள் வீட்டுக்கு வெள்ளத்துக்கு அப்புறம்தான் எடுத்தேன். வாங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. தெரிந்த ஏஜெண்ட் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டால் "அதெல்லாம் எதுக்குத் தம்பி, ஒரு நல்ல சேமிப்பு பிளான் இருக்கு" என்று பேச்சை மாற்றுகிறார். ஆயிரம் ரூபாய் பாலிசியில் அவருக்கு டீக்காசுதான் மிஞ்சும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் ஆன்லைனில் போட்டேன். உடல்நலக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்றார்களே, அது இதற்குப் பொருந்தாது, வீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. வந்த பாலிசி முழுக்க ஆங்கிலம். கிராமத்துக்கு விற்கிற சரக்கை இந்த மொழியில் எழுதினால் யார் படிப்பார்கள்? இதற்கு மட்டும் நான் ஒரு நட்சத்திரம் குறைப்பேன்.

விலையில் ஒரு வேடிக்கை. ஆறு எவ்வளவு தூரம், வீட்டுக்குள் முன்பு தண்ணீர் வந்ததா என்று என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. அமெரிக்காவில் 1968-லிருந்து வெள்ளத்துக்கென்றே அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அங்கே வீட்டுக்கு வீடு ஆபத்தைக் கணக்குப் போட்டு விலை வைக்கிறார்கள், வாங்கினாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். இங்கே ஆற்றங்கரையில் இருக்கிற எனக்கும் மேட்டில் இருக்கிற இன்னொருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. எங்களுக்கு லாபம்தான், அனுபவித்துக்கொள்கிறேன். எல்லாக் கரையோரத்துக்காரர்களும் எடுக்க ஆரம்பித்தால் இது இப்படியே இருக்குமா என்பது வேறு கதை.

இனி எதெல்லாம் வராது என்று பார்க்கலாம். ஆறு கரையை அரித்து, அதனால் வீட்டுக்கு அடியில் மண் இறங்கிச் சுவர் விரிசல் விட்டால் கிடைக்காது. நிலம் உள்வாங்குவது, சரிவது என்பதற்கான ஷரத்திலேயே ஆற்று அரிப்பு, கடல் அரிப்பு இரண்டையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். கரையிலேயே வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் எது வெள்ளம் உடைத்தது, எது அரிப்பில் போனது என்று சர்வேயரோடு வாதாட வேண்டி வரும். கூரை வீட்டுக்கு எல்லாக் கம்பெனியும் சந்தோஷமாகக் கொடுப்பதில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வெளியே நிற்கிற நிலைமை, அங்கே நிவாரணம் மட்டும்தான் கதி.

வண்டி இதில் வராது. அதற்கு முழுக் காப்பீடு வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்துக்கு ஒன்றும் கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனால், அதற்கென்று கூடுதலாக எடுக்கிற தனி இணைப்பு இல்லாமல் தரமாட்டார்கள், ஆகவே சாவியைத் திருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வீட்டின் முன்பக்கம் கடை வைத்திருக்கிறீர்களா? கடைச் சரக்கு வீட்டுச் சாமான் ஆகாது. அதற்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று தனிப் பாலிசி, ஒரு இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. ஏரல் பஜாரில் 2023-ல் நனைந்துபோன ஜவுளியையும் அரிசி மூட்டைகளையும் நினைத்தால், வியாபாரிகள் வீட்டுக்கு முன்னால் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

அடுத்து வயல். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றாலே வாழையும் மழைக்காலத்துப் பிசான நெல்லும்தான், வீட்டைவிட அதில்தான் பலருக்குப் பெரிய அடி. பயிருக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீடு இருக்கிறது. விவசாயி கட்டுவது குறுவை, கார் நெல் மாதிரியான காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவம்) பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், பிசானம் வரும் ராபி பருவத்துக்கு 1.5, வாழை மாதிரித் தோட்டக்கலைப் பயிருக்கு 5 வரை. மலிவுதான், ஆனால் இது வீட்டுப் பாலிசி மாதிரி உங்கள் நஷ்டத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஊர் அளவில் அறுவடைச் சோதனை போட்டுச் சராசரி விளைச்சல் குறைந்திருந்தால்தான் பணம். உங்கள் வயல் மட்டும் குளத்து உடைப்பில் மணல் மூடிக் கிடந்து, மற்ற வயல்கள் தப்பித்திருந்தால் சராசரி உங்களைக் கைவிட்டுவிடும். தனிப்பட்ட வயல் பாதிப்புக்கு என்று ஒரு ஷரத்து இருக்கிறது, நெல் தண்ணீரில் மூழ்குவதை 2018-ல் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், நெல்தான் தண்ணீரில் நிற்கிற பயிராயிற்றே என்ற நியாயத்தில். கதிர் மூழ்குவதும் வேர் நனைவதும் ஒன்றா? ஒருவழியாக 2026 காரிஃப் முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்கோ அதன் ஆப்பிலோ தகவல் சொல்ல வேண்டும். 2023-ல் கரண்டும் டவரும் இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்தால் இந்த 72 மணி நேரம் யார் வைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. அடங்கலும் (எந்த வயலில் என்ன பயிர் என்ற வி.ஏ.ஓ. பதிவு) காப்பீட்டுப் பதிவு ரசீதும் கையில் இருக்கட்டும். பயிர்க் காப்பீட்டுக்கு என் மதிப்பெண் பாதிதான், ஆனாலும் கட்டுங்கள். 33 சதவீதத்துக்கு மேல் போன நெல்லுக்கு 2023-ல் அரசு ஹெக்டேருக்கு 17,000 கொடுத்தது, நடவுக்கு நீங்கள் செலவழித்ததோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளைம் சமாச்சாரத்தில் சில விஷயம். தண்ணீர் வடிந்ததும் பாம்புக்கும் நாற்றத்துக்கும் பயந்து எல்லோரும் சாமான்களைத் தெருவில் தூக்கிப் போடுவார்கள், வேறு வழியும் இல்லை. போடுவதற்கு முன்னால் சுவர்க்கோடு தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், டிவிக்குப் பின்னால் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதைத் துடைத்துவிட்டுக் கிட்டே வைத்து எடுங்கள், பில் ஆற்றோடு போயிருந்தால் அதுதான் உங்கள் பில். இந்த போட்டோக்களை மழை வருவதற்கு முன்னால், செப்டம்பரிலேயே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது இன்னும் நல்லது. பாலிசித் தாளையும் அப்படியே.

கம்பெனி இழுத்தடித்தால் சும்மா இருக்க வேண்டாம். 2024-ல் ஐஆர்டிஏஐ போட்ட விதிப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரைப் போட வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஒரு வட்டாரமே மூழ்கிக் கிடக்கும்போது இதெல்லாம் எந்த அளவுக்கு நடக்கும் என்பது எனக்கும் சந்தேகம்தான். ஆனால் விதி இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவரிடம் பேச்சு மாறும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், அடுத்து ஐஆர்டிஏஐயின் புகார் எண் 155255-க்கு அடியுங்கள், அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. செலவில்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை அங்கேயே முடிப்பார்கள். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: இரண்டும் சேர்த்து எடுத்த வீட்டுப் பாலிசிக்கு ஐந்தில் நாலு, பேங்க் லோனோடு வருகிற கட்டடம் மட்டும் பாலிசிக்கு இரண்டரை. எடுப்பதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபர் பிறப்பதற்குள் எடுத்துவிடுங்கள். புயல் சின்னம் உருவாகி டிவியில் பெயர் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் கம்பெனிக்காரர்களும் டிவி பார்ப்பவர்கள்தான்.